தொட்டில் சொல்லும் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்)

நம் ஊர்களில் முதியவர்கள் சிலருக்கு வழங்கும் பெயர்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பிச்சை, குப்பன், குப்பம்மாள், மண்ணாங்கட்டி. பெற்றோர் தம் பிள்ளையை இகழ்ந்து இட்ட பெயர்கள் இவை என்று நினைத்தால் அது தவறு. முன்னர்ப் பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறிப்போன வீட்டில், அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுத்து, 'இது எங்கள் பிள்ளையில்லை, குப்பையில் கிடந்தது' என்று சொல்லி, சாவின் கண்ணிலிருந்து மறைத்து வளர்ப்பதற்காக இட்ட பெயர்கள் இவை. அன்பின் மிகுதியால் இட்ட அவலப் பெயர்கள் எனலாம்.

இன்று நம் வகுப்பறை வருகைப் பதிவேட்டில் இப்பெயர்களைக் காண்பது அரிது. நாகரிகம் மாறியதால் மட்டும் இவை மறைந்துவிடவில்லை. பிறந்த குழந்தை பிழைத்து வளரும் என்ற நம்பிக்கை பெற்றோர்க்கு வந்துவிட்டதும் ஒரு காரணம். அந்த நம்பிக்கை எப்படி வந்தது, மருத்துவம் ஒன்றுதான் அதைக் கொண்டுவந்ததா, இன்னும் அது யார் வீட்டை எட்டவில்லை என்பவற்றை நான் படித்த அளவிலும் கேட்ட அளவிலும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீதம் என்றால் என்ன?

உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுக்கு, ஒரு வயது நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகள் எத்தனை என்பதே குழந்தை இறப்பு வீதம். எடுத்துக்காட்டாக, ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் 20,000 குழந்தைகள் உயிருடன் பிறந்து, அதே ஆண்டில் ஒரு வயதுக்குட்பட்ட 400 குழந்தைகள் இறந்ததாகக் கொள்வோம். 400-ஐ 20,000-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் 20 வரும். அதுவே அம்மாவட்டத்தின் வீதம். வயிற்றிலேயே இறந்து பிறக்கும் குழந்தை இக்கணக்கில் சேராது. ஒரே ஒரு முறை மூச்சுவிட்டுப் பின் இறந்த குழந்தை சேரும்.

கணக்கு எளிது, எண்ணிக்கையைத் திரட்டுவதுதான் கடினம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. ஆயினும் வீட்டிலே பிறந்து வீட்டிலே இறந்த குழந்தையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போவதுண்டு. ஆகவே 'மாதிரிப் பதிவு முறை' என்ற ஏற்பாடு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தெரிந்தெடுத்த ஊர்களிலும் நகர வட்டாரங்களிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து குறித்து வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து, முதற்பட்டியலைப் பாராமல் வீடுவீடாகத் தனியே கணக்கெடுப்பார். இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு, ஒன்றில் விடுபட்டதை மற்றதைக் கொண்டு சரிபார்ப்பார்கள்.

இவ்வளவு முயற்சி ஏன் என்பது எங்கள் ஆயாவிடம் பேசியபோதுதான் எனக்குப் புரிந்தது. "உனக்கு எத்தனை பிள்ளைங்க ஆயா?" என்றால், "நாலு" என்பார். "பெத்தது எத்தனை?" என்று கேட்டால்தான், "அது எட்டு கண்ணு. நாலு தங்கலை" என்று சொல்வார். தங்காத பிள்ளையைப் பிள்ளைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் அவர் காலத்துப் பெண்களிடம் இல்லை. கேள்வியைச் சரியாகக் கேளாத கணக்காளர் எங்கள் வீட்டில் நான்கு சாவுகளைத் தவறவிட்டிருப்பார். கேள்வித்தாள் அமைப்பது பற்றி வகுப்பில் படித்த பாடம் எனக்கு விளங்கியது அன்றுதான்.

ஏன் இந்த எண்ணுக்கு இத்தனை மதிப்பு?

இங்கிலாந்தில் ஜார்ஜ் நியூமன் என்ற மருத்துவர் 1906-இல் குழந்தை இறப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பிலேயே இதனை 'ஒரு சமூகப் பிரச்சினை' என்று குறித்தார். சமூக நலத்தை அளக்க நம்மிடம் உள்ள அளவுகோல்களுள் மிக நுட்பமானது இதுவே என்ற கருத்தை ஆர்தர் நியூஷோம் என்ற மற்றொரு மருத்துவ அதிகாரி 1910-இல் வெளியிட்டார்.

காரணம் தெளிவு. பச்சிளங் குழந்தை தனக்கென எதையும் தேடிக்கொள்ள முடியாது. பாலும், கதகதப்பும், சுத்தமான நீரும், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடும் கைகளும் மற்றவரிடமிருந்தே வரவேண்டும். அவற்றில் ஒன்று குறைந்தாலும் அக்குறை முதலில் குழந்தையின் உடலில்தான் தெரியும்.

1971-ஆம் ஆண்டில் இந்தியாவின் குழந்தை இறப்பு வீதம் 129. அதாவது ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒன்று ஓராண்டைத் தாண்டவில்லை. தமிழ்நாட்டில் 113. கேரளத்தில் அப்போதே 58. 2020-இல் இந்திய வீதம் 28-ஆகக் குறைந்தது. தமிழ்நாடு 13, கேரளம் 6, மத்தியப் பிரதேசம் 43. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே மருந்து. ஆயினும் ஓர் எல்லையில் 6, மற்றோர் எல்லையில் 43. மருந்து மட்டுமே விடையாக இருந்தால் இவ்வேறுபாடு வரக் காரணமில்லை.

நோய் கடைசிக் கண்ணி

குழந்தைகள் எதனால் இறக்கின்றன என்று மருத்துவரைக் கேட்டால், குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், நச்சுக் கிருமித் தொற்று, நிமோனியா, வயிற்றுப்போக்கு, பிறவிக் குறைபாடு என்று பட்டியல் தருவார். அது உண்மை. ஆனால் அது ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. 1984-இல் மோஸ்லி, சென் என்ற இரு அறிஞர்கள் இதனை ஒழுங்குபடுத்திக் காட்டினர். வறுமை, கல்வியின்மை போன்ற சமூகக் காரணங்கள் நேராக வந்து குழந்தையைக் கொல்வதில்லை; தாயின் வயதும் மகப்பேற்று இடைவெளியும், சுற்றுப்புற அசுத்தம், ஊட்டக் குறைவு, காயம், நோய்வரின் காட்டும் கவனிப்பு ஆகிய ஐந்து வாயில்கள் வழியாகவே அவை உள்ளே நுழைகின்றன என்பது அவர்கள் விளக்கம்.

ஒரு கற்பனைச் சான்றை எடுத்துக்கொள்வோம். பிறந்த மூன்றாம் நாள் ஒரு குழந்தை இறக்கிறது. பதிவேட்டில் 'குறைமாதப் பிறப்பு' என்று எழுதுவார்கள். ஏன் குறைமாதத்தில் பிறந்தது? தாய்க்கு வயது 17, உடலில் இரத்தமில்லை. ஏன் இரத்தமில்லை? வீட்டில் எல்லாரும் உண்ட பின் மிஞ்சியதை உண்பவள். செருப்பில்லாமல் கொல்லைக்குச் செல்வதால் கொக்கிப் புழுவும் வயிற்றில் உண்டு. ஏன் 17 வயதில் தாயானாள்? எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டாள். சும்மா வீட்டில் இருக்கும் பெண்ணை எத்தனை நாள் வைத்திருப்பது என்று மணமுடித்தார்கள். ஏன் பள்ளியை விட்டாள்? உயர்நிலைப் பள்ளி இருக்கும் ஊருக்குப் பேருந்து இல்லை.

அப்படியானால் அக்குழந்தை எதனால் இறந்தது? குறைமாதத்தால் என்பதும் சரி. பேருந்து வராததால் என்பதும் சரி. மருத்துவர் முதல் விடையை எழுதுகிறார். இரண்டாம் விடையை எழுதவேண்டியவர்கள் நம்மைப் போன்றோர்.

தாயின் கல்வி

சமூகக் காரணங்களுள் அறிஞர்கள் முதலிடம் தருவது தாயின் கல்விக்கே. ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் நைஜீரியா நாட்டுப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 1979-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணவனின் தொழில், வருவாய் போன்றவை ஒத்திருந்த குடும்பங்களிலும், படித்த தாயின் குழந்தைகள் படியாத தாயின் குழந்தைகளைவிட அதிகம் பிழைத்தன என்பது அவர் கண்ட உண்மை. பின்னர் 1986-இல் அவர், வருவாய் குறைந்திருந்தும் இறப்பைக் குறைத்துக் காட்டிய இடங்களாகக் கேரளம், இலங்கை, கோஸ்டரிக்கா ஆகியவற்றை எடுத்துக்காட்டினார். பெண்கள் படித்ததும், பெண்களுக்கு வீட்டில் சொல்லுரிமை இருந்ததும் இவற்றின் பொதுத் தன்மைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெண்களின் எழுத்தறிவு கேரளத்தில் 92 விழுக்காடு. தமிழ்நாட்டில் 73 விழுக்காடு.

பள்ளிக்கூடத்தில் யாரும் குழந்தை வளர்ப்பைக் கற்பிப்பதில்லையே, பின் எப்படி என்று கேட்கலாம். எங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதையே கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எந்த நூலுக்கும் குறைந்ததன்று. "படிச்ச பொண்ணு பயப்படாம கேள்வி கேக்கும் பாப்பா. இந்த மாத்திரை எதுக்குன்னு கேக்கும். குழந்தைக்கு ரெண்டு நாளா பால் இறங்கலைன்னா மாமியாரைக் கேக்காமலே எனக்குப் போன் போடும். படிக்காத பொண்ணுக்கும் பிள்ளைமேல அதே பாசம்தான். ஆனா அது யாரோ ஒருத்தர் சொல்லட்டும்னு காத்திருக்கும்" என்றார்.

காத்திருக்கும் நேரத்தில்தான் குழந்தை இறக்கிறது. கல்வி தருவது அறிவை மட்டுமன்று. காத்திராமல் எழுந்து செல்லும் துணிவையும் தருகிறது என்பதை நான் அன்று உணர்ந்தேன்.

மண வயதும் மகப்பேற்று இடைவெளியும்

பெண்ணுக்கு 18 வயது நிறையுமுன் திருமணம் செய்தல் சட்டத்துக்கு மாறானது. இருப்பினும் 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், 20 முதல் 24 வயதுள்ள இந்தியப் பெண்களுள் 23 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. இளம் தாயின் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உடல். வயிற்றில் உள்ள குழந்தையும் அவளும் ஒரே உணவுக்குப் போட்டியிடுகிறார்கள். விளைவு, எடை குறைந்த குழந்தை. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு உடற்சூட்டைக் காத்துக்கொள்ளவும், பால் உறிஞ்சவும், கிருமியை எதிர்க்கவும் வலுக் குறைவு.

இடைவெளியும் அதுபோன்றதே. ஒரு பிள்ளை பிறந்த பின் குறைந்தது இரண்டாண்டு கழித்தே அடுத்த கருவைத் தாங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்குள் கருவுற்றால் பிறக்கப்போகும் குழந்தைக்கும் இடர். பால்குடி மறக்கடிக்கப்படும் மூத்த குழந்தைக்கும் இடர். 'ஆண் பிள்ளை பிறக்கும் வரை' என்று குடும்பம் நெருக்கும்போது இந்த இடைவெளியே முதலில் பலியாகிறது.

நெருங்கிய இரத்த உறவில் மணமுடிப்பதையும் இங்குக் குறிப்பிடவேண்டும். சொத்தும் சொந்தமும் விட்டுப்போகக் கூடாது என்று மாமன் மகளையும் அக்காள் மகளையும் கொள்வது நம் வழக்கம். பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறைபாடு குழந்தையிடம் ஒன்றுசேர்ந்து வெளிப்படும் வாய்ப்பு இத்தகைய மணங்களில் கூடுகிறது என்பது மரபியல் பாடம்.

கடைசியில் உண்பவள்

மேற்சொன்ன ஆய்வின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தசோகை உண்டு. அரசு இரும்புச்சத்து மாத்திரைகளை இலவசமாகத் தருகிறது. அப்படியும் ஏன்? மாத்திரை ஒரு சில மாதங்களுக்குத்தான். இரத்தசோகையோ அவள் சிறுமியாய் இருந்தபோதே தொடங்கியது. 'அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்' என்று கருவுற்றவளின் சோற்றைக் குறைக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. பரிமாறுகிறவள் கடைசியில் உண்பது பண்பாடு என்று புகழப்படுகிறது. அப்பண்பாட்டின் விலை குழந்தையின் எடையில் எழுதப்பட்டிருக்கிறது.

நல்ல வழக்கமும் தீய வழக்கமும்

நம் முன்னோர் வழக்கங்களெல்லாம் மூடத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் வைப்பதும், பிள்ளை பெற்றவளுக்குச் சில வாரம் வேலை தராமல் இருப்பதும், நீண்ட நாள் தாய்ப்பால் கொடுப்பதும் குழந்தையைக் காத்த வழக்கங்கள்.

ஆனால் வேறு சிலவும் உண்டு. பிறந்தவுடன் 'சேனை' வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரையோ கழுதைப்பாலையோ நாக்கில் தடவுவார்கள். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிடுவார்கள். குழந்தைக்குத் தாய் தரும் முதல் தடுப்பு மருந்தே அந்தச் சீம்பால்தான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைத் தரவேண்டும் என்று மருத்துவம் வற்புறுத்துகிறது.

தொப்புள்கொடியைக் கிடைத்த கத்தியால் அறுத்துச் சாம்பலையோ சாணத்தையோ வைப்பதால் வந்த கொடுமை தனி. பிறந்த ஒரு வாரத்தில் வாய் இறுகி, பால் குடிக்கமுடியாமல், உடல் வில்லாய் வளைந்து குழந்தைகள் இறந்தன. அது தனுர்வாதம் என்னும் கிருமி நோய். தாய்க்குக் கர்ப்ப காலத்தில் தடுப்பூசியும், சுத்தமான பிளேடும், எதுவும் தடவாத தொப்புளும் இருந்தால் போதும், அந்நோய் அண்டாது. 2015-இல் இந்தியா தாய்சேய்த் தனுர்வாதத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியோடு வழக்கமும் மாறியதால் கிடைத்த வெற்றி இது.

நீரும் உப்பும்

வயிற்றுப்போக்கால் குழந்தை வாடி, உச்சிக்குழி உள்ளே இறங்கினால் 'தோஷம் தட்டிவிட்டது' என்று மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். உண்மையில் அது உடலில் நீர் வற்றியதன் அடையாளம். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகாலநோபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. இன்று எந்த அங்கன்வாடியிலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தின் பெருமை இது.

ஆயினும் கரைசல் சாவைத் தடுக்கும். வயிற்றுப்போக்கு வராமல் தடுப்பது நல்ல குடிநீரும் கழிப்பிடமும் சோப்பிட்டுக் கழுவிய கையும். ஊரின் மேட்டுத்தெருவுக்கு ஒரு குழாயும், கடைசியில் உள்ள காலனிக்கு வேறொரு குழாயும் என்றிருக்கும்வரை, இக்கணக்கில் சாதியும் ஒரு காரணியே. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குழந்தைகளின் இறப்பு வீதம் மற்றவரைவிட உயர்ந்திருப்பதைக் குடும்பநல ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன.

மூன்று தாமதங்கள்

பிரசவ காலச் சாவுகளை ஆராய்ந்த தாடியஸ், மெயின் என்ற இருவர் 1994-இல் மூன்று தாமதங்களைக் குறிப்பிட்டனர். மருத்துவமனைக்குப் போகலாமா என்று வீட்டில் முடிவெடுக்கும் தாமதம் முதலாவது. போய்ச்சேரும் வழியில் ஏற்படும் தாமதம் இரண்டாவது. போய்ச்சேர்ந்த பின் தக்க சிகிச்சை கிடைக்கும் தாமதம் மூன்றாவது. பச்சிளங் குழந்தைக்கும் இது அப்படியே பொருந்தும்.

நான் தருமபுரி மாவட்டத்துக்காரி. மலைக்கிராமங்களிலிருந்து வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். 2008-இல் தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி வந்தது பெரும் நன்மை. ஆனால் ஊர்தி ஓடச் சாலை வேண்டும். அழைக்கத் தொலைபேசிச் சைகை வேண்டும். அழைக்கலாம் என்று சொல்ல வீட்டில் ஒரு பெண்ணுக்கு உரிமை வேண்டும்.

பெண்ணாய்ப் பிறந்தால்

இயற்கையில் பெண் குழந்தை ஆண் குழந்தையைவிட உறுதியானது. இருவரையும் ஒன்றுபோல் வளர்த்தால் முதலாண்டில் ஆண் குழந்தைகளே அதிகம் இறக்கும். எங்கே பெண் குழந்தைகளின் இறப்பு ஆணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறதோ, அங்கே இயற்கைக்கு மாறாக யாரோ குறுக்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். இந்தியாவில் பல ஆண்டுகள் அந்நிலையே இருந்தது.

'போதும்பொண்ணு' என்று பெயரிட்டதோடு நின்ற குடும்பங்கள் உண்டு. நில்லாத குடும்பங்களும் உண்டு. உசிலம்பட்டிப் பகுதியில் நடந்த பெண் சிசுக்கொலையை 1986-இல் இந்தியா டுடே ஏடு வெளிக்கொணர்ந்தது. சேலம், தருமபுரி மாவட்டங்களிலும் இக்கொடுமை இருந்தது. என் மாவட்டத்தைப் பற்றி இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆயினும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. இரண்டாவதாக, மூன்றாவதாகப் பிறந்த பெண்களே பெரும்பாலும் பலியானார்கள். வரதட்சணையும் சீர்செலவும் பின்னால் நின்றன. குற்றம் தாயின் தலையில் விழுந்தது. முடிவு எடுத்தவர்கள் திண்ணையில் இருந்தார்கள்.

1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் குழந்தை வேண்டாமென்பவர் அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம். பின்னர் இத்திட்டம் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது. சிசுக்கொலை குறைந்தது. ஆனால் இங்கே ஒரு புள்ளியியல் எச்சரிக்கை தேவை. கருவிலேயே பெண்ணென்று அறிந்து கலைத்துவிட்டால், பிறக்காத அக்குழந்தை இறப்பு வீதத்தில் வராது. வீதம் குறையும், அநீதி குறையாது. இதனைத் தடுக்கவே 1994-இல் கருவின் பால் அறிதலைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ஆகவே இறப்பு வீதத்தோடு ஆறு வயதுக்குட்பட்டோரின் பாலின விகிதத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும். 2001 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் அவ்விகிதம் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லாத நிலையில் இருந்தது என்பதை மறக்கலாகாது.

தமிழ்நாடு செய்ததும் செய்யவேண்டியதும்

113-லிருந்து 13-க்கு வந்த பயணம் ஒரு துறையால் மட்டும் நடந்ததன்று. 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கி, ஊர்தோறும் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்குத் தனி உணவு தந்தார்கள். 1982-இல் சத்துணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்த்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 1987-இல் தொடங்கிப் பின்னர் 18,000 ரூபாய்வரை உயர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் செவிலியர் இருக்க ஏற்பாடாயிற்று. ஐந்தாம் குடும்பநல ஆய்வின்போது தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடந்தன. இவற்றோடு பேருந்து, மின்விளக்கு, ரேஷன் அரிசி ஆகியவற்றையும் நான் இக்கணக்கில் சேர்ப்பேன்.

இனி எஞ்சியிருப்பது கடினமான பகுதி. 2020-இல் இந்தியாவில் ஓராண்டுக்குள் இறந்த குழந்தைகளுள் பத்தில் ஏழு பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தன. இச்சாவுகளைத் தடுக்கப் பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்பதில்லை. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, வீடுவீடாகச் சென்று பச்சிளங் குழந்தைகளைக் கவனிக்கச் செய்தனர். 28 நாட்களுக்குட்பட்ட சாவுகள் பாதிக்கும் மேலாகக் குறைந்ததை 1999-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். குழந்தையைத் துணியால் சுற்றிக் கதகதப்பாக வைத்தல், கை கழுவித் தொடுதல், தாய்ப்பால் மட்டுமே தருதல், மூச்சு வேகமானால் உடனே அறிதல் ஆகியவை அவர்கள் கற்பித்தவற்றுள் சில.

நம் பங்கு

நண்பர்களே, இக்கணக்கில் நாம் பார்வையாளர்கள் அல்லர். நம் கல்லூரியில் படிக்கும் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். நானும் அவர்களுள் ஒருத்தி. அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. எங்கள் வகுப்பில் பலரும் அதைப் பெறுகிறோம். அது பேருந்துக் கட்டணத்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் செலவாகிறது என்றே நினைத்திருந்தேன். புள்ளியியல் படித்த பின், என் திருமணத்தை ஐந்தாறு ஆண்டுகள் தள்ளிவைத்ததும் அந்தப் பணமே என்று தெரிகிறது. இன்று ஒரு பெண் பெறும் கல்வி உதவி, நாளை பிறக்கப்போகும் ஒரு குழந்தையின் ஆயுளுக்கு இட்ட முதலீடு.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தங்கைக்குப் பதினாறு வயதில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வீட்டில் எழுந்தால், வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் அண்ணி கருவுற்றிருந்தால் அவர் முதலில் உண்டாரா என்று கேளுங்கள். குழந்தை பால் குடிக்கவில்லை என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிராமல் வண்டியை எடுங்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கிராமங்களுக்குச் செல்லும்போது கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வதோடு நில்லாமல், பிறப்பு இறப்புப் பதிவு செய்யாத வீடுகளைக் கண்டறிந்து உதவுங்கள். ஆசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்டினால், எங்கள் புள்ளியியல் துறை மாணவர்கள் கேள்வித்தாள் தயாரிக்க முன்வருவோம். அதன் முதல் கேள்வி, 'உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?' என்பதாக இராது. 'எத்தனை பெற்றீர்கள்? எத்தனை தங்கின?' என்பதாகவே இருக்கும்.

ஒரு குழந்தை ஓராண்டு வாழ்வதற்குத் தாயின் பள்ளிப் படிப்பும், வயதும், உணவும், வீட்டில் அவள் சொல்லுக்குள்ள மதிப்பும், தெருக்குழாயும், ஊர்ச் சாலையும் துணைநிற்கின்றன. இவற்றில் எதுவும் மருத்துவர் கையில் இல்லை. எல்லாம் நம் கையில் உள்ளன. 2020-இல் 13-ஆக இருந்த எண்ணை இன்னும் கீழே கொண்டுவருவது இனி நம் தலைமுறையின் பொறுப்பு. அதனை உணர்ந்து செயலாற்றுவோமாக.